வடிவு அத்தை இறந்தது 611-ஆம் பகுதியில்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலை நடை: நான்கு சுற்று. அதில் இரண்டு சுற்று பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தபடி. டாக்டர் தினமும் எழுதி வைக்கச் சொன்னாரே தவிர, எப்படி நடந்தேன் என்று கேட்கவில்லை.

இந்த நோட்டில் நடையைத் தவிர வேறெதையும் எழுதுவதாக இல்லை. ஆனால் இன்று பதினொரு மணிக்கு ஒரு போன் வந்தது. எழுதாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

பேசியது குணசீலன். ‘லாக்கப் நம்பர் ஏழு’ தொடரின் இயக்குநர். ஒரு பெண் இன்ஸ்பெக்டர் வாரம் ஒரு வழக்கைத் துப்பு துலக்கும் போலீஸ் தொடர் அது. “அம்மா, வடிவு அத்தை திரும்ப வரணும். நாலு நாள் கால்ஷீட் வேணும்” என்றார்.

பிற்காலத்தில் என் வாழ்க்கை வரலாற்றை எழுதப்போகிறவர்கள் திணறக்கூடாது என்பதற்காக விளக்கிவிடுகிறேன். வடிவு அத்தை போலீஸ் தொடரின் ஆளே இல்லை. அதே சேனலில் ஓடும் ‘தாழம்பூ வீடு’ என்ற குடும்பத் தொடரின் சொத்து. மருமகளை ஆட்டிப் படைக்கும் மாமியாரின் அக்கா. அறுநூற்றுப் பத்து பகுதிகள் அந்த அத்தையாக நடித்தது பிரபாவதியாகிய நான். இரண்டு வருடத்துக்கு முன்னால் சேனலில் மகாசங்கமம் வைத்தார்கள். சாம்பாரையும் ரசத்தையும் ஒன்றாக ஊற்றிப் பிசைவது மாதிரி இரண்டு தொடர்களையும் ஒரு வாரம் கலந்து ஓட்டுவார்கள், அதுதான் மகாசங்கமம். அந்த வாரம் வடிவு அத்தை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், பாயசத்தை மோந்து பார்த்தே அதில் விஷம் இருப்பதைக் கண்டுபிடித்தாள். ஊரே பேசியது. உண்மையில் என் மூக்குக்குக் கருகல் வாசனைகூடத் தெரிவதில்லை. நடிப்பு என்றால் அதுதான்.

குணசீலன் இன்னொன்றும் சொன்னார். இந்த நான்கு நாள் எடுபட்டால், ஸ்டேஷனுக்கு எதிரே வடிவு அத்தை ஒரு மெஸ் திறந்து, தொடர் முடிகிறவரை அங்கேயே இருந்து வழக்குகளை மோந்து பார்த்துக்கொண்டிருப்பாளாம்.

பதினோரு மாதமாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். அது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. “யோசிச்சுச் சொல்றேன் தம்பி” என்று கெத்தாக வைத்தேன். ஐந்து நிமிடம் யோசிப்பதாகத் திட்டம். மூன்றாவது நிமிடமே நானே கூப்பிட்டுச் சரி என்று சொல்லிவிட்டேன். பாவம், அவர்களை ஏன் காக்க வைக்க வேண்டும்?

என் வீட்டுக்காரர் சபாபதி கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் நிமிரவே இல்லை.

“அது எப்படி? நீதான் செத்துட்டியே” என்றார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நடை: மூன்று சுற்று.

அவர் சொன்னதில் தப்பில்லை. வடிவு அத்தை போன வருடம் செப்டம்பரில் காலமாகிவிட்டாள். காசிக்குப் போன இடத்தில் கங்கையில் போய்விட்டாள் என்று வீட்டுக்கு ஒரு போன் வரும், எல்லோரும் “அத்தை...” என்று அலறுவார்கள், தொடரும் போட்டுவிடுவார்கள். காரணமே இல்லாமல் கொன்றார்கள். இரண்டே நாளில் என் படத்துக்கு மாலை. அதுவும் எந்தப் படம்? நிறுவனத்தில் கொடுத்து வைத்திருந்த ஆதார் அட்டை நகலில் இருக்கிற படம். இடது கண் பாதி மூடியிருக்கும். அந்தக் கோலத்தில் பதினோரு மாதமாக ‘தாழம்பூ வீடு’ கூடத்தில் தொங்குகிறேன். மருமகள் அழும்போதெல்லாம் பின்னால் ஒற்றைக் கண்ணோடு நான் தெரிகிறேன்.

இது குணசீலனுக்குத் தெரியாது போலிருக்கிறது. தன் தொடரையே பார்க்க அவருக்கு நேரம் இருக்காது, பக்கத்துத் தொடரை எங்கே பார்ப்பார்?

“நீயா சொல்லிடு பிரபா. அப்புறம் அவங்களுக்குச் சிக்கலாகும்” என்கிறார் இவர். மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருடம் வீடு வீடாக மீட்டர் ரீடிங் எடுத்தவர். ஓர் எண் தப்பாக இருந்தால் இவருக்குச் சோறு இறங்காது.

“அவங்க கேட்டா சொல்றேன். ஐயா, நான் பேய்ங்கன்னு நானா போய்ச் சொல்லணுமா?” என்றேன்.

கேட்கவில்லை. ஆகவே சொல்லவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வடிவு அத்தையின் பழைய அரக்குச் சேலை கிடைத்தது. ரவிக்கை சுருங்கியிருக்கிறது. துணி அப்படித்தான், வைத்தே இருந்தால் சுருங்கும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

படப்பிடிப்பு முதல் நாள். வளசரவாக்கத்தில் ஒரு வீட்டின் மாடியைப் போலீஸ் ஸ்டேஷன் ஆக்கியிருக்கிறார்கள். கீழ்த் தளத்தில் அந்த வீட்டுக்காரர்கள் குடியிருக்கிறார்கள். லாக்கப் காட்சி எடுக்கும்போது கீழே குக்கர் விசில் அடித்தால் மறுபடி எடுக்க வேண்டும்.

இன்ஸ்பெக்டராக நடிக்கிற மிருணாளினி ஓடி வந்து கட்டிக்கொண்டது. “ஆன்ட்டி, உங்களை ரொம்ப மிஸ் பண்ணோம்!” நல்ல பெண். லத்தியைத் தவிர எல்லாவற்றையும் தொலைத்துவிடும்.

வழக்கு இதுதான். கல்யாண வீட்டில் ஒட்டியாணம் காணாமல் போகிறது. ஐந்து பேர் மேல் சந்தேகம். வடிவு அத்தை ஐந்து பேரையும் வரிசையாக மோந்து பார்த்துத் திருடனைப் பிடிக்கிறாள். நான்காவது ஆளாக நடித்தவர் மதியம் கருவாடு சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று யூனிட்டே மூக்கைப் பொத்தியது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. முகத்தைச் சுளிக்காமல் மோந்தேன். “என்னா ஒரு டெடிகேஷன்!” என்று கேமராமேன் கும்பிட்டார்.

நான் செத்துப்போனதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

எழுத்தாளர் திருவேங்கடமும் வந்திருந்தார். ‘தாழம்பூ வீடு’க்கும் அவர்தான் எழுதினார், இதற்கும் அவர்தான் எழுதுகிறார். வசனத் தாளை இன்னொருத்தர் கையில் கொடுத்தனுப்பினார். நானும் இன்னொருத்தர் கையில் திருப்பி அனுப்பினேன். எங்களுக்குள் ஒன்றுமில்லை. அவரை நான் கவனிக்கக்கூட இல்லை. நீலக் கட்டம் போட்ட சட்டை, கொஞ்சம் இளைத்திருக்கிறார், கண்ணாடி மாற்றியிருக்கிறார்.

ஆகஸ்ட் 13, புதன்

நடை: இல்லை. படப்பிடிப்பில் நின்றதே நான்கு சுற்றுக்குச் சமம்.

திருடன் பிடிபட்டான். மெஸ் விஷயத்தைக் குணசீலன் மறுபடி பேசினார். “பலகையில என்ன பேர் போடலாம்னு யோசிச்சு வைங்கம்மா” என்றார். வரும் வழியெல்லாம் யோசித்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆட்டோவில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடி ஏற்றிய கையோடு முன்னோட்டத்தை இணையத்தில் விட்டார்கள். இருபது வினாடி. ஸ்டேஷன் கதவு திறக்கிறது, புகை வருகிறது, என் செருப்பு, என் சேலை, என் மூக்கு. “வந்துட்டாங்க வடிவு அத்தை!” என்று எழுத்து. பார்க்கப் பார்க்க எனக்கே புல்லரித்தது.

மதியம் அதற்குக் கீழே வந்த கருத்துகளைப் படித்தேன். முதல் கருத்துக்கே நாலாயிரம் லைக். இப்படி இருந்தது:

“வணக்கம். வடிவு அத்தை ‘தாழம்பூ வீடு’ 611-ஆம் பகுதியில் காலமாகிவிட்டார். கவனிக்கவும். நன்றி.”

அதற்குக் கீழே உலகமே கும்மாளம் போட்டிருந்தது. “அப்ப வந்திருக்கிறது ஆவியா?” “இன்ஸ்பெக்டரம்மா, முதல்ல இந்தக் கேசை விசாரிங்க.” “காசியிலிருந்து டிக்கெட் இல்லாம வந்துட்டாங்க போல.” யாரோ என் மாலை போட்ட ஆதார் படத்தையும் முன்னோட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் போட்டிருந்தார்கள்.

முதல் கருத்தைப் போட்ட பாவி யார் என்று பேரைப் பார்த்தேன். எஸ். சபாபதி. படத்தில் திருச்செந்தூர் கோபுரம். கோபுரத்துக்குக் கீழே பொடியாக நானும் நிற்கிறேன்.

“என்னங்க இது?” என்றேன்.

“தப்பான தகவல் போய்க்கிட்டிருந்துது பிரபா. ‘நன்றி’ன்னு மரியாதையாத்தானே போட்டிருக்கேன்?” என்றார்.

முப்பத்தொரு வருடக் குடித்தனத்தில் நான் இவர் மேல் கரண்டி எறிந்ததில்லை. இன்றைக்கும் எறியவில்லை. ஆனால் வாழைக்காய் பஜ்ஜி போட்டு, எல்லாவற்றையும் நானே சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 16, சனி

சேனலில் தொடர்களைத் தீர்மானிக்கிற மேடம் கூட்டம் போட்டுவிட்டார். தயாரிப்பு அலுவலகத்தில் மேடம், குணசீலன், திருவேங்கடம், நான். மேஜையில் காபி.

மேடம் கேட்ட முதல் கேள்வி: “இவங்க செத்தது யாருக்குத் தெரியாது?”

குணசீலன் கையைத் தூக்கினார். நான் கையைக் கீழேயே வைத்திருந்தேன். பிறகு யோசனைகள் ஓடின. இரட்டைப் பிறவி என்று வைத்துக்கொள்ளலாமா? முடியாது, சேனலில் இந்த வருடம் ஏற்கெனவே மூன்று ஜோடி ஓடுகிறது. ஆவியாக வைத்துக்கொள்ளலாமா? முடியாது, பத்து மணி பேய்த் தொடர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். இன்ஸ்பெக்டர் கண்ட கனவு? கனவில் பிடித்த திருடனை நிஜத்தில் எப்படி உள்ளே தள்ளுவது?

கடைசியில் மேடமே ஒன்று சொன்னார். வந்திருப்பவள் வடிவு அத்தையே இல்லை. முகத்தை ஆபரேஷன் செய்து மாற்றிக்கொண்டு வந்த ஒரு மோசடிக்காரி. அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் அவளுக்கு விலங்கு மாட்டுகிறார். கதை முடிந்தது. மெஸ்ஸும் முடிந்தது, நானும் முடிந்தேன். கங்கையில் போனதாவது கௌரவம். இப்போது பிளாஸ்டிக் சர்ஜரி கேடி!

அப்புறம் மேடம் திருவேங்கடத்தின் பக்கம் திரும்பினார். “சார், டைரக்டருக்குத் தெரியலை, சரி. ரெண்டு சீரியலுக்கும் நீங்கதானே ரைட்டர்? உங்க கையால கொன்ன ஆளையே மறந்துட்டீங்களா?”

“மறந்துட்டேன் மேடம். என் தப்புதான்” என்றார் அவர்.

“அப்படின்னா அடுத்த மாசத்துலேருந்து வேற ரைட்டரைப் பார்த்துக்கறோம்” என்றார் மேடம். நல்ல யோசனை வேறு இருந்தால் திங்கட்கிழமைக்குள் சொல்லலாமாம்.

நான் வாயைத் திறக்கவில்லை. நான் ஏன் திறக்க வேண்டும்? எனக்கும் அவருக்கும் என்ன? காபி ஆறிப்போயிருந்தது, அதையும் குடித்தேன்.

படியிறங்கும்போது குணசீலன் கூடவே வந்தார். “உங்களைத் திரும்பக் கொண்டு வரலாம்னு ஐடியா கொடுத்ததே ரைட்டர்தாம்மா. ரெண்டு மாசமா நச்சரிச்சார். செத்துப்போனதை மட்டும் சொல்லவே இல்ல பாருங்க. அந்த மனுஷன் எழுத்தெண்ணிப் பார்க்கிறவர். மறப்பாரா?” என்றார்.

“வயசாயிடுச்சு” என்றேன்.

“இன்னொன்னு, நேத்து விசாரிச்சப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது. அன்னிக்கு நீங்க போனதும், ‘இனி வடிவு அத்தையாக இவர்’னு கார்டு போட்டு வேற நடிகையை உட்கார வைக்கச் சொல்லிட்டாங்க சேனல்ல. ஆளும் பார்த்தாச்சு. ரைட்டர்தான் ஒத்துக்கலை. ‘அந்த அம்மா இல்லைன்னா அந்த அத்தையே வேண்டாம், நானே கொன்னுடறேன்’னு ஒரே பிடிவாதம்.”

ஆட்டோக்காரர் மீட்டர் போட மறுத்தார். நான் சண்டை போட மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நடை: ஆறு சுற்று. உண்மையாகவே. உட்கார்ந்தால் யோசனை வருகிறது.

காரணமே இல்லாமல் கொன்றார்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். கொஞ்சம் காரணம் இருந்தது. அன்றைக்கு மருமகளிடம் வடிவு அத்தை மன்னிப்புக் கேட்பதாகத் திருவேங்கடம் ஒரு காட்சி எழுதியிருந்தார். “வடிவு அத்தை மன்னிப்புக் கேக்க மாட்டா. எனக்கு அவளைத் தெரியும்” என்றேன். “அவளை எழுதினவனே நான்தாம்மா” என்றார். அதற்கு நான் லேசாக ஏதோ சொன்னேன்.

லேசாக இல்லை. சாப்பாட்டு வேளையில், யூனிட் மொத்தமும் தட்டோடு நிற்க, “உமக்கு எழுத வரலைன்னா என்னைக் கொன்னுட்டுப் போய்யா!” என்று கத்தினேன். அவர் கையிலிருந்த தயிர்சாதத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். நானும் வண்டியேறி வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர் கூப்பிடுவார் என்று பத்து நாள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் அதே மாதிரி பார்த்துக்கொண்டிருந்திருப்பாரோ என்னவோ.

மத்தியானம் இவர் கூடத்தில் ஒரு நோட்டோடு உட்கார்ந்து ‘தாழம்பூ வீடு’ பழைய பகுதிகளைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்துவார், எழுதுவார், மறுபடி ஓட்டுவார். அந்தக் காலத்தில் மீட்டர் பார்த்த அதே முகம். சாயங்காலம் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“பிரபா, நீ செத்ததுக்கு ஆதாரமே இல்லை” என்றார்.

பஜ்ஜி போட்டுக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

மேடத்தின் அறைக்கு நான் சாட்சியோடு போனேன். சாட்சி வெள்ளைச் சட்டை போட்டு, விபூதி பூசி, நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார்.

“611-ஆம் பகுதி, பதினாலாவது நிமிஷம்” என்று எழுந்து நின்று வாசித்தார். “படித்துறையில கைப்பை மட்டும் கிடைச்சுது. 612: மகன் காசிக்குக் கிளம்புறான், வெள்ளம்னு ரயில் ரத்தாகுது, திரும்பி வர்றான். 613: நேரா படத்துக்கு மாலை. ஒரு பகுதியிலயும் பாடி காட்டலைங்க. போன் பண்ணினவர் யாருன்னும் சொல்லலை. ரீடிங் எடுக்காமலே பில் போட்டிருக்காங்க.”

மேடம் அவரையே பார்த்தார். “நீங்க யாருங்க?”

“இறந்தவரோட வீட்டுக்காரர்.”

மேடம் சிரிப்பார் என்று நான் நினைக்கவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு, குணசீலனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த திருவேங்கடத்தைக் கேட்டார்: “பாடி காட்டாம விட்டது தற்செயலா, இல்ல அப்பவே இதுக்கு பிளான் பண்ணீங்களா?”

அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். “பிளான்தான் மேடம். சார் எதையும் மறக்கிறவர் இல்லை. அன்னிக்கு மறந்துட்டேன்னு சொன்னது சும்மா தன்னடக்கம்.”

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

ஒரே ஒரு வாய்ப்பு தருவதாக மேடம் சொன்னார். வடிவு அத்தை எப்படிப் பிழைத்தாள், ஏன் இத்தனை நாள் வீட்டுக்கு வரவில்லை என்பதற்கு ஒரு காட்சி. ஜனங்கள் ஒப்புக்கொண்டால் மெஸ் திறக்கலாம், எழுத்தாளரும் இருக்கலாம். கேலி செய்தால் இரண்டு பேருக்கும் கும்பிடு.

வாசலில் செருப்பு மாட்டும்போது திருவேங்கடம் எனக்கு நேராக நின்றார். பதினோரு மாதத்தில் என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை: “காபி சாப்டீங்களா?”

“ஆச்சு” என்றேன். நான் பேசிய முதல் வார்த்தை.

வீட்டுக்கு வந்ததும் இவர் இணையத்தில் இன்னொரு கருத்துப் போட்டார். “திருத்தம்: 611-ஆம் பகுதியில் கைப்பை மட்டுமே காலமானது. தவறுக்கு வருந்துகிறேன். நன்றி.” இதற்கு ஒன்பதாயிரம் லைக். வருந்துகிறேன் என்று எழுத இவருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

வசனத் தாள் வந்தது. இந்த முறை அவரே கையில் கொடுத்தார். படித்தேன். இன்ஸ்பெக்டர் கேட்கிறாள்: “ஏன் அத்தை வீட்டுக்கு வரலை?” வடிவு அத்தை சொல்கிறாள்: “படித்துறையில வழுக்கி விழுந்து ஞாபகம் போயிடுச்சும்மா.” அவ்வளவுதான். எங்கேயும் ஒரு மன்னிப்பு இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன். எனக்காகவே பார்த்துப் பார்த்துத் தவிர்த்திருக்கிறார் என்று புரிந்தது.

எங்கள் வேலையில் வசனத்தை மனப்பாடம் செய்ய நேரம் கிடையாது. கேமராவுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுப்பார், நாங்கள் திருப்பிச் சொல்வோம். வழக்கமாக இணை இயக்குநர் கதிரேசன்தான் கொடுப்பார். இன்றைக்கு அவருக்குத் தொண்டை கட்டி, வாத்து மாதிரி குரல் வந்தது. ஆகவே திருவேங்கடமே தாளோடு வந்து நின்றார்.

முதல் டேக். அவர் சொன்னார்: “ஞாபகம் போயிடுச்சும்மா.” நான் சொன்னேன்: “ஞாபகம் போயிடுச்சும்மா.”

“கட்! அம்மா, இன்ஸ்பெக்டரைப் பாருங்க. ரைட்டரைப் பார்க்கறீங்க” என்றார் குணசீலன்.

இரண்டாவது டேக்கிலும் அதே. மூன்றாவதில் கீழ்வீட்டுக் குக்கர். நான்காவது, ஐந்தாவது, ஆறாவதிலும் பார்வை தப்பிப்போனது. லைட் கண்ணில் அடித்தது, வேறொன்றுமில்லை.

ஏழாவது டேக். மிருணாளினி கேட்டது: “ஏன் அத்தை? உயிரோட இருந்துக்கிட்டு ஏன் வீட்டுக்கு வரலை?”

“படித்துறையில வழுக்கி...” என்று எடுத்துக் கொடுத்தார் அவர்.

நான் அதைச் சொல்லவில்லை. “வழுக்கவும் இல்லை, ஒண்ணும் இல்லை. ஞாபகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்றேன். “கோவத்துல கிளம்பிப் போனேன்மா. பைய படியில வெச்சிட்டு அந்தப் பக்கமா ரயில் ஏறிட்டேன். தேடி வருவாங்கன்னு பார்த்தேன். அதுக்குள்ள படத்துக்கு மாலை போட்டுட்டாங்கன்னு தெரிஞ்சுது. அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு வர்றது? வெக்கமா இருந்துது. தப்பு அவங்க மேல இல்லை. என் மேலதான்.”

எடுத்துக் கொடுக்கிற குரல் நின்றுவிட்டது. தாள் மட்டும் படபடவென்று சத்தம் போட்டது, ஃபேன் காற்றில். மிருணாளினிக்குக் கிளிசரின் இல்லாமலே கண்ணில் தண்ணீர். கட் சொல்ல வேண்டிய குணசீலன் சொல்லாமல் நின்றார். கதிரேசன்தான் வாத்துக் குரலில் “கட்” என்றார்.

“அம்மா, இது பேப்பர்ல இல்லையே?” என்றார் குணசீலன்.

நான் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். சர்க்கரை இறங்கியிருக்கும் என்று ஒரு பிஸ்கட் சாப்பிட்டேன். திருவேங்கடம் வந்து பக்கத்தில் நின்றார்.

“அது நான் எழுதினது இல்லை” என்றார்.

“தெரியும்.”

“வெச்சுக்கலாமா?”

“உங்க இஷ்டம்” என்றேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

காட்சி ஒளிபரப்பானது. இவர் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்தார். தூசி என்றார். காலையில்தான் துடைத்தார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

நடை: இல்லை. போன் வந்துகொண்டே இருக்கிறது.

ஜனங்கள் கேலி செய்யவில்லை. ஒரு பெண் எழுதியிருந்தாளாம்: “என் அத்தையும் கோவிச்சுக்கிட்டுப் போய் நாலு வருஷம் ஆச்சு. நேத்து போன் பண்ணினேன்.” அதை மேடமே குணசீலனுக்குப் படித்துக் காட்டினாராம். மெஸ் திறக்கிறது. செப்டம்பர் எட்டாம் தேதி படப்பிடிப்பு. எழுத்தாளரும் இருக்கிறார். ‘தாழம்பூ வீடு’க்காரர்கள் மட்டும் மாலையைக் கழற்ற மறுக்கிறார்களாம், அவர்கள் கதைக்கு நான் செத்திருந்தால்தான் வசதியாம். எப்படியோ போகட்டும்.

எனக்கு ரொம்ப சந்தோஷம். அதை எழுதினால் போதும் என்றுதான் நோட்டைத் திறந்தேன். ஆனால் நேற்றிலிருந்து ஒன்று உறுத்துகிறது. மன்னிப்புக் கேட்டது வடிவு அத்தை. அதற்கு எனக்குச் சம்பளமும் உண்டு. பிரபாவதி இன்னும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

திருவேங்கடத்தின் நம்பரைக் கோபத்தில் எப்போதோ அழித்துவிட்டிருந்தேன், படப்பிடிப்புத் தாளில் இருந்ததைப் பார்த்துப் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

“அன்னிக்கு நீங்க எழுதின சீன் சரியான சீன்” என்றேன். “நான் நடிச்சிருக்கணும். சாப்பிட்டுக்கிட்டிருந்த மனுஷனை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க.”

“என்னம்மா சொன்னீங்க? கேக்கலையே. இங்க டவர் சரியா இல்லை” என்றார்.

பால்கனிக்குப் போய் மறுபடி முழுவதையும் சொன்னேன்.

“விட்டு விட்டு வருதும்மா. கடைசி வார்த்தை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க.”

மொட்டை மாடிக்கு ஏறினேன். மூச்சு வாங்க, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, “தப்பு என் மேலதான்! மன்னிச்சிடுங்க!” என்று கத்தினேன். பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள், “பரவாயில்லை, விடுங்க” என்று கையை ஆட்டினாள்.

“ம், இப்ப நல்லா கேட்டுது” என்றார் திருவேங்கடம். குரலில் சிரிப்பு இருந்தது, கூடவே வேறு என்னவோவும் இருந்தது. “எட்டாம் தேதி வாங்க. தயிர்சாதம் கொண்டு வர்றேன்.”

கீழே இறங்கி வந்து நம்பரைச் சேமித்து வைக்கலாம் என்று எடுத்துப் பார்த்தேன். பூஜ்யம் நாற்பத்து நாலில் தொடங்கியது. டவர் இல்லை என்று மூன்று தடவை சொல்ல வைத்த மனுஷன் பேசியது அவர் வீட்டு லேண்ட்லைனில்.